முல்லைத்தீவுக்கு அப்பாவோடு

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளிநொச்சி உருத்திரபுரத்திலிருந்து மாட்டுவண்டிலில் புறப்பட்டோம். நான், அம்மா, அம்மாவின் மடியில் புல்லால் இழைத்த பன்பைக்குள் ஒரு மண்முட்டி. முட்டிக்குள் அப்பா இருந்தார். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, தேத்தண்ணி கேட்டு, அது ஆறுவதற்குள் போய்விட்ட மனிதர். ஒருவரையும் அலைக்கழிக்கக் கூடாது என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு பிடிவாதம்.

சாம்பலைக் கீரிமலையில் கரைப்பதுதான் எங்கள் வழக்கம். பெரியப்பா அதற்குக் கார்கூடப் பேசிவிட்டார். அம்மாதான் முல்லைத்தீவு என்றார், தானும் வருவேன் என்றார். பெண்கள் இதற்கெல்லாம் போவதில்லை என்று பெரியப்பா சொல்ல, "அப்ப நீங்கள் நில்லுங்கோ" என்று அவரையே நிறுத்திவிட்டார். காரணம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அங்கே ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது.

அப்பா வடமராட்சிக் கரையில் பிறந்து பதினாறு வயதிலேயே பாய்க்கப்பலில் ஏறியவர். நான் பிறந்த வருடம், அம்மாவின் தமையன் போன கப்பல் திரும்பி வரவில்லை. பிறந்து இருபது நாளான என்னைத் தூக்கி அப்பாவின் முன்னால் நீட்டி, இனி வள்ளம் கப்பல் ஒன்றிலும் ஏறுவதில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாராம் அம்மா. அப்பா பண்ணினார். பிறகு குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைக்க, கடலே கண்ணில் படாத இடத்துக்கு வந்து நெல் விதைத்தார். தகப்பன் என்ற வகையில் அவரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. தங்கச்சிக்குத் தலை பின்னிவிடுவதுகூட அவர்தான். கயிறு முறுக்கிய கை அல்லவா, பின்னல் இரண்டு நாளைக்கு அசையாது. ஆனால் வரம்பில் நின்றுகொண்டு சோளகம், வாடை, கொண்டல் என்று காற்றைப் பேர்சொல்லிக் கதைத்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

வைகாசியில் முல்லைத்தீவுக்குக் கிட்ட இருக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு மட்டும் தனியே போவார். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது காதுமடலில் உப்புப் பூத்திருக்கும். அம்மன் கோயிலுக்குப் போனவரின் காதில் ஏன் உப்பு?

"வள்ளத்திலை ஏறினனியளோ?" என்பார் அம்மா.

"இல்லையப்பா."

அதற்குமேல் அவர் சொல்லவும் மாட்டார், அம்மா நம்பவும் மாட்டார். பிறகு ஒரு கிழமைக்கு அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சத்தியம் என் தலையில் அல்லவா கிடந்தது? எனக்கு மீசை முளைத்த பிறகும் இந்தக் கூத்து நடந்தது.

பரந்தன் சந்தியில் ஏழு மணிக்கு பஸ். முல்லைத்தீவு முப்பத்திரண்டு மைல், ஆளுக்கு ஒரு ரூபா அறுபது சதம். ரிக்கற் கிழித்த கொண்டக்டர் அம்மாவின் மடியைப் பார்த்தார்.

"என்னணை, தயிரோ? கீழை வையுங்கோவன், கை உளையப்போகுது."

"இவரைக் கீழை வைக்கேலாது தம்பி."

கொண்டக்டருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. என் மொட்டையடித்த தலையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. முன்னுக்குப் போய்ச் சாரதியின் காதில் ஏதோ சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் பஸ் நின்று நிதானித்து இறங்கி ஏறியது.

எட்டரைக்குப் புதுக்குடியிருப்பு. பாலில்லாத பிளேன்ரீ ஒன்று பத்துச் சதம். அம்மா வேண்டாம் என்றார். ஒன்பது மணிக்கு வட்டுவாகல் பாலம். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் திறந்த கடல். நான் பிறந்த வருடத்தோடு கடல் பக்கம் திரும்புவதையே விட்டிருந்த அம்மா அன்றும் திரும்பவில்லை. ஆனால் பன்பையின் வாயை மட்டும் விரலால் கொஞ்சம் அகற்றிவிட்டார்.

முல்லைத்தீவில் சூசைப்பிள்ளை கரையிலேயே காத்து நின்றார். அப்பா வைகாசியில் தங்குவது அவருடைய வீட்டில்தான். தபாலட்டை போட்டிருந்தோம். இரண்டு வள்ளங்களும் கழுத்தில் செபமாலையும் உள்ள, நாற்பது வயது மதிக்கக்கூடிய மனிதர். முட்டியைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். "போன மாசம் உதிலை நிண்ட மனிசன்," என்று தண்ணீரைக் காட்டினார்.

அம்மா மூச்சு வாங்கவும் நிற்கவில்லை. நேரே கேட்டார்.

"அவர் உங்கடை வள்ளத்திலை ஏறினவரோ? மறைக்காமல் சொல்லுங்கோ."

சூசைப்பிள்ளை அம்மாவை ஒருதரம் பார்த்தார்.

"இல்லையக்கா. ஒருநாளும் ஏறேல்லை. வள்ளம் தள்ளேக்கை முதல் ஆளா வந்து கை குடுப்பார். நெஞ்சளவு தண்ணி மட்டும் விளிம்பைப் பிடிச்சபடி வருவார். அலை முகத்திலை அடிக்கும். பிறகு கையை விட்டிட்டு நிப்பார். நாங்கள் திரும்பி வரேக்கையும் கரையிலை நிப்பார். எங்கடை பொடியள் பகிடி பண்ணுவாங்கள், 'ஏறுங்கோ அண்ணை, அவா கிளிநொச்சியிலையிருந்து பாக்கிறாவோ?' எண்டு. அதுக்கு அவர், 'அவா பாக்கமாட்டா. அதாலைதான் ஏறேலாது' எண்டுவார்."

அம்மா மணலில் அப்படியே இருந்துவிட்டார். செத்த வீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை. "நம்பேல்லையே, ஒரு வருசமும் நான் நம்பேல்லையே," என்று முட்டியிடம்தான் சொன்னார். நானும்தான் நம்பியிருக்கவில்லை.

முழங்காலளவு தண்ணீரில் நின்று, பின்பக்கமாகத் தோளுக்கு மேலால் விடும்படி ஐயர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். அம்மா எழுந்து மூக்கைத் துடைத்தார்.

"கரையிலை விடவேண்டாம். வள்ளத்திலை ஏத்துங்கோ. ஆழத்துக்குக் கொண்டுபோங்கோ."

"கொள்ளி வைச்ச பிள்ளைதான் விடவேணும் அக்கா," என்றார் சூசைப்பிள்ளை தயங்கி. "தம்பியும் ஏறவேண்டி வரும்."

குளத்தில் நீந்தப் போனாலே கம்பெடுத்துக்கொண்டு வருகிறவர் என் அம்மா. இருபத்திரண்டு வயதிலும் எனக்கு அது நடந்திருக்கிறது. என் மொட்டைத் தலையில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு கையை எடுத்தார்.

"போட்டு வா."

சோளகம் தரைப்பக்கமிருந்து வீசும் காலம், அந்தக் கரையில் கடல் அடங்கிக் கிடந்தது. பத்து மணிக்கு வள்ளம் தள்ளினார்கள். நான் முட்டியோடு உள்ளே இருந்தேன். பக்கத்தில் விளிம்பைப் பிடித்தபடி இன்னொரு கை வந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சேலை இடுப்பளவு நனைந்து, பிறகு நெஞ்சளவு நனைந்தது. "காணும் அக்கா, காணும்!" என்று சூசைப்பிள்ளை கத்தினார். ஒரு அலை முகத்தில் அடித்தது. அப்போதுதான் அம்மா கையை விட்டார்.

முக்கால் மைல் போயிருப்போம். அப்பா காற்றோடு கொஞ்சம் போய், பிறகு தண்ணீரோடு போனார். திரும்பி வந்தபோது அம்மா முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினோம். அதே ஒரு ரூபா அறுபது சதம். வட்டுவாகலில் அம்மா கடல் பக்கமாகவே திரும்பி இருந்தார், பாலம் முடிந்த பிறகும். வெறும் பை அவர் மடியில் கிடந்தது.

பொழுதுபட வீட்டுக்கு வந்தோம். வாய்க்காலில் தண்ணீர் திறந்திருந்தார்கள். தங்கச்சி கிணற்றடியில் அம்மாவுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்ற வந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் காதுமடலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, வள்ளத்திலை ஏறினனியளோ?"

"இல்லையடி," என்றார் அம்மா. "பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."