ஏன் மாற்றவில்லை?

பேக்கரியில் ரொட்டி சுடுகிற அவரை எல்லாரும் 'கோச்' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பு முன்னால் நின்றபடியே உலகத்துக் கால்பந்துப் பயிற்சியாளர்களை எல்லாம் வறுத்தெடுத்துவிடுவார். ஒரே ஒரு கேள்விதான் வருஷக்கணக்காக அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

"ஓட முடியாம மூச்சு வாங்கறவன ஏன்யா மாத்த மாட்டேங்கறாங்க? கண்ணு தெரியலையா?"

இந்த வருஷம் ஊர்க் கால்பந்துப் போட்டி அரையிறுதியில் பேக்கரி அணி அச்சக அணியோடு மோதியது. "வாய் கிழியப் பேசறீங்களே, நீங்களே வந்து நில்லுங்க" என்று அவரையே பயிற்சியாளராக்கிவிட்டார்கள். முன்வரிசையில் ஆடியது அவருடைய மனைவியின் தம்பி. பாதி ஆட்டத்திலேயே ஆள் தள்ளாடினான். மாற்றலாம் என்று கோச் கையைத் தூக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்வையாளர் கூட்டத்திலிருந்து மனைவி முறைப்பது தெரிந்தது. தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். அணி மண்ணைக் கவ்வியது.

மறுநாள் டிவியில் பிளேஆஃப் ஆட்டம். நட்சத்திர வீரன் நொண்டுகிறான். பயிற்சியாளர் அசையவே இல்லை. கூடியிருந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். கோச் மட்டும் நாற்காலியை டிவி பக்கத்தில் இழுத்துப் போட்டு அந்தப் பயிற்சியாளரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, அவன் இவருக்கு மச்சினனா இருப்பானோ?"