நூற்றுப் பன்னிரண்டு கிலோவும் ஒரு தோல் சீட்டும்: தேனியிலிருந்து சுருளி வரை

தேனியிலிருந்து சுருளி அருவிக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பொங்கல் முடிந்த வாரம் கிளம்பினேன். காலையில் பனி இருக்கும், பத்து மணி வரை வெயில் உறைக்காது. ஆனால் இந்தப் பதிவில் அருவியைவிட நான் உட்கார்ந்து போன சீட்டைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். கோபமாகத்தான் எழுதுகிறேன். குறைத்துக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

என் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஐடிஐ ஒன்றில் ஃபிட்டர் பாடம் எடுக்கிறேன். சைக்கிளோடு வந்த பஞ்சு சீட் சில மாதத்திலேயே சப்பிப்போய், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் என் எலும்பைக் குத்தியது. கனமானவர்களுக்குத் தோல் சீட்தான் நல்லது என்றார்கள். இழுத்துக் கட்டிய தடித்த தோல் தொட்டில் மாதிரி தாங்கும்; போகப்போக நம் உடம்புக்குத் தகுந்தபடி படியும். அதை வாங்கத்தான் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடைக்காரரிடம் என் எடையை மறைக்காமல் சொன்னேன். தாங்குமா என்று கேட்டேன். "கெட்டிக் கம்பி, யானையே உக்காரலாம் மேடம்" என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். வேறு நேரமாக இருந்தால் சீட்டைத் திருப்பி, தோலைத் தாங்கும் அடிக்கம்பியைப் பார்த்திருப்பேன். அந்தச் சிரிப்பிலிருந்து வெளியே போனால் போதும் என்று இருந்தது. 2,800 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

துணைக்கு வந்தவர் என் அண்ணன் மனைவி, புஷ்பம் மதினி. ஒல்லியான ஆள், வாய் மட்டும் பெரிது. ஆறு மணிக்குக் கிளம்பி வீரபாண்டியில் டீ குடித்தோம். சின்னமனூர் தேனியிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர். அதுவரை எந்தக் குறையும் இல்லை. இடப்பக்கம் வயல், வலப்பக்கம் வாழை, எதிரே மேகம் இறங்கிய மலை. மதினி பாடிக்கொண்டே வந்தார்.

உத்தமபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். சீட் ஒருபக்கமாகச் சாய்ந்தது, நான் ரோட்டில் கிடந்தேன். முறிந்த கம்பி தொடையைக் கிழித்திருந்தது. பின்னால் வாழைத்தார் ஏற்றி வந்த வேன் ஒன்று பிரேக் போட்டு, என் தலைக்கு நாலடி தூரத்தில் நின்றது.

வேன் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "எந்திரிக்காதத்தா, இங்கனயே இரு. ரத்தம் வருது" என்று தன் துண்டை அவிழ்த்துக் கட்டினார். நல்ல மனுஷன். ஆனால் கட்டிக்கொண்டே, "இம்புட்டு ஒடம்ப வச்சுக்கிட்டு இந்தச் சைக்கிளெல்லாம் தேவையாத்தா?" என்றார்.

மதினி சீறினார். "அவ ஒடம்பு ஒடையலய்யா, கம்பிதான் ஒடஞ்சுச்சு! வித்தவனக் கேளுங்க."

டிரைவர் துண்டின் முடிச்சை இறுக்கினார். சைக்கிள்களை வாழைத்தார்களுக்கு மேலே ஏற்றி, எங்களை உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். பணம் வாங்கவில்லை. ஐந்து தையல். தையல் போட்ட நர்சும் முதலில் என் எடையைத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து முறிந்த இடத்தைப் பார்த்தேன். என் வேலையே இரும்புதான். கெட்டிக் கம்பி என்று சொல்லி விற்றது வெறும் குழாய். குழாயின் சுவர் ஓர் அட்டையின் கனம்கூட இல்லை. வளைத்த இடத்தில் இன்னும் மெலிந்திருந்தது. மேலே கறுப்புப் பெயின்ட். என் எடையில் பாதி உள்ளவர் ஏறியிருந்தாலும் என்றைக்காவது முறிந்திருக்கும்.

தையல் பிரித்ததும் மதினியோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க வெயிட்டு அப்பிடி மேடம். சீட்டுல குத்தம் இல்ல."

"வெயிட்டச் சொல்லித்தானே வாங்குனேன்? யானையே உக்காரலாம்னு சொன்னீக."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

அப்போது அங்கே ஒருவர் நின்றிருந்தார். என்னைவிடக் கனமானவர். சர்க்கரைக்காகச் சைக்கிள் ஓட்டச் சொன்னார்களாம். அவர் கையில் அதே சீட். முறிந்த கம்பியின் வாயை அவருக்கு நேரே நீட்டினேன். "உள்ள பாருங்கண்ணே, ஓட்டை. இது என் தொடையில ஏறுச்சு."

"யேவாரத்தக் கெடுக்காதீக மேடம்" என்று கடைக்காரர் குரலை உயர்த்தினார்.

"கெட்டிக் கம்பின்னா இரும்பு அறுக்குற ஆக்சா பிளேடு ஒண்ணு எடுங்க, நானே அறுத்துக் காட்டுறேன்" என்றேன். அவர் எடுக்கவில்லை. கனமானவர் சீட்டை மேசை மேல் வைத்துவிட்டு வெளியேறினார். உடனே என் பணம் திரும்பி வந்தது, மன்னிப்பு வரவில்லை. போன வாரம் அந்த வழியாகப் போனேன். அதே சீட் இன்னும் சுவரில் தொங்குகிறது.

அடுத்த சீட்டை மதுரையில் வேறு கடையில் வாங்கினேன். இந்த முறை யார் என்ன நினைத்தாலும் சரி என்று அரைமணி நேரம் நின்று பார்த்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடிக்கம்பி கெட்டி எஃகா என்று எழுத்தில் கேளுங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று தயாரித்தவர் சொன்னதைக் கேளுங்கள், விற்பவர் சொன்னதை அல்ல. தோல் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. தோல் தளர்ந்தால் இழுத்துவிட, சீட்டின் மூக்குப் பக்கம் அடியில் ஒரு போல்ட் இருக்க வேண்டும். அகலத்துக்கு ஒரு வழி: அட்டைப்பெட்டித் துண்டின் மேல் உட்கார்ந்து எழுந்தால் உட்காரும் எலும்புகள் பதிந்து இரண்டு குழி விழும். சீட்டின் பின்பக்கம் அந்த இடைவெளியைவிட இரண்டு மூன்று விரல் அகலமாக இருக்கட்டும். புதுத்தோல் முதல் சில வாரம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைய விடாதீர்கள்.

மாசி பிறந்ததும் புதுச் சீட்டோடு திரும்பக் கிளம்பினோம். கம்பம் வரை 40 கிலோமீட்டர், அங்கிருந்து சுருளி இன்னும் பத்து. சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டம் ஒன்றின் வாசலில் தண்ணீருக்கு நின்றோம். பழம் தரம்பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து வந்தார். என்னைப் போலவே பருமன். சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சின்னப்புள்ளையில ஓட்டுனது. ஒரு சுத்துப் போய்ப் பாக்கட்டுமா?" என்றார். நான் தலையாட்டுவதற்குள், "ஒடஞ்சு போச்சுன்னா வைய மாட்டீகல்ல?" என்று கேட்டார்.

விழுந்தபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. ஏறுவதற்கு முன்பே பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள இவருக்கு எத்தனை பேர் சேர்ந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்!

"போய்ட்டு வாங்கக்கா" என்றேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். முதலில் தடுமாறினார், பிறகு பந்தலோரப் பாதையில் நேராகப் போனார். திரும்பி வந்தவர் எங்கள் முன்னால் நிற்கவே இல்லை. "இன்னொரு சுத்து!" என்று கத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.