ஜெபராஜின் வேனும் என் தென்காசி வீடும்

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பில்டிங் வாசலில் ஒரு வீடு வந்து நின்றது.

ஆமாம், வீடுதான். கீழே நாலு சக்கரம். பக்கவாட்டில் ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, பின்னால் ஒரு ஏணி. திரையை விலக்கிக்கொண்டு இரண்டு நாய்கள் ஷார்ஜாவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. டிரைவர் சீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் இறங்கியிருந்தால் இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன். இறங்கியவன் ஜெபராஜ். தூத்துக்குடி ஜெபராஜ்!

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அவனும் ஒரே ரூம். அடுக்குக் கட்டிலில் நான் கீழே, அவன் மேலே. இப்போது ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஃபேக்டரியில் ஏசி டெக்னீஷியனாக இருக்கிறான். அவன் மனைவி ஸ்டெல்லா அங்கேயே ஒரு கிளினிக்கில் நர்ஸ். வருடத்துக்கு இரண்டு முறை வருவான், டீ குடிப்பான், போவான். இந்த முறை ஸ்டெல்லாவையும் ஏற்றிக்கொண்டு வீட்டோடு வந்திருக்கிறான்.

எங்கள் நாத்தூர் (வாட்ச்மேனுக்கு இங்கே அதுதான் பெயர்) நாய்களைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். “மாஃபி குத்தா! மாஃபி குத்தா!” பாதி அரபி, பாதி இந்தி. இங்கே நாய் கூடாது என்று அர்த்தம். நாய்கள் வண்டியை விட்டு இறங்காது பாய், அதுதான் அதுகளுக்கு வீடு என்று ஜெபராஜ் இந்தியில் சமாதானம் சொன்னான். நாத்தூர் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நீ ஏன் இப்படி இல்லை என்று கேட்பது போல இருந்தது.

நானும் எட்டிப் பார்த்தேன். கட்டில் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. சின்ன ஃப்ரிட்ஜ், மடக்கு மேஜை, தண்ணீர்த் தொட்டி... ஒரு கதவைத் திறந்தால் பாத்ரூம்! எங்கள் வீட்டு பாத்ரூமையும் கிச்சனையும் பக்கத்து அறை மலையாளிக் குடும்பத்துடன் நாங்கள் ஷேர் செய்கிறோம் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

“எங்கேருந்துடா புடிச்ச?”

“அது பெரிய கதை அண்ணாச்சி” என்றான்.

பெரிய கதை ஒன்றுமில்லை. ஐரோப்பாவிலிருந்து ரோடு வழியாகவே ஓட்டி வந்த ஒரு ஜோடி, ராஸ் அல் கைமாவில் இன்ஜின் மண்டையைப் போட்டதும், வேனை ஒரு ஒர்க்‌ஷாப்பில் தள்ளிவிட்டு விமானம் ஏறிவிட்டார்களாம். ஒர்க்‌ஷாப் முதலாளிக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற சனியன். முறைப்படி பேப்பர் மாற்றி ஜெபராஜ் தலையில் கட்டிவிட்டார். இவன் வார விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுத்துவிட்டான்.

நாய்கள் ரெசஷன் தந்த சீதனம். வேலை போன மானேஜர் ஒருத்தர், அவசரமாக நாடு திரும்பும்போது, டோபியையும் ரூபியையும் ஜெபராஜ் கையில் பிடித்துக்கொடுத்து அழுதாராம். என் கம்பெனியிலும்தான் ரெசஷன் வந்தது, மானேஜருக்கு வேலை போனது. எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு ஸ்டேப்ளர்.

டீ வந்தது. டீயோடு குண்டும் வந்தது.

“அண்ணாச்சி, ஜூலைல சலாலா போறோம், ஓமன்ல. அங்க அப்பத்தான் சாரல் சீசன். அம்புட்டு பாலைவனத்தையும் தாண்டிப் போனா, மலையெல்லாம் பச்சைப் பசேல்னு கெடக்குமாம். வேன்ல இடம் இருக்கு. நீங்க, மதினி, பாப்பா மூணு பேரும் வாங்க.”

“ஜூலை லீவு ஊருக்குல்லா?” என்றேன்.

“வருஷா வருஷம் ஊருதான போறீய? ஊரு எங்க போயிரப் போகுது?”

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி விஜி, “சலாலா எப்படி இருக்கும் ஸ்டெல்லா?” என்று கேட்டுவிட்டாள். எங்கள் மகள் மது அதற்குள் வேனில் ஏறி டோபியின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். “டாடி, ப்ளீஸ்! கேன் வீ கோ?”

வளைகுடாவில் இருக்கும் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே லீவு என்றால் ஊர். வேறு அர்த்தமே கிடையாது. லீவு முடிந்து திரும்பிய வாரமே கட்டிலுக்கு அடியில் ஒரு காலி கார்ட்டன் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு டின் பால் பவுடர், ஒரு தைல பாட்டில், டார்ச் லைட், சோப்பு என்று வருடம் பூராவும் அதை நிரப்புவோம். மறக்காமல் ஒரு கனத்த கம்பளியும் வைப்போம். தென்காசி வெயிலில் அந்தக் கம்பளிகளை யார் போர்த்திக்கொள்கிறார்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

தென்காசி என்றதும் ஞாபகம் வருகிறது... அங்கே எனக்கு ஒரு வீடு இருக்கிறது. போர்ட்டிகோவில் கிரானைட், ஹாலில் மார்பிள், மாடியில் பால்கனி. ‘துபாய்க்காரர் வீடு’ என்றால் ஆட்டோக்காரர்கள் நேராகக் கொண்டுபோய் விடுவார்கள். நான் வேலை பார்ப்பது துபாய், குடியிருப்பது ஷார்ஜாவில் ஒற்றை அறை என்பதெல்லாம் ஆட்டோக்காரருக்கு எதற்கு?

ஜெபராஜுக்கு ஊரில் வீடு கிடையாது. ‘இத்தனை வருஷம் இருந்தும் ஒரு செங்கல் வைக்கலையே’ என்று எங்கள் வட்டாரமே அவனுக்காகப் பரிதாபப்படும். நானும் பரிதாபப்பட்டிருக்கிறேன். ரொம்பத் திருப்தியாகப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

அந்தத் திருப்தியைத்தான் வியாழக்கிழமை வேன் ஏற்றிக் கொன்றுவிட்டான்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? வெள்ளைக்காரன் நாயோடு பாலைவனம் சுற்றினால் நாம் ‘அட!’ என்போம். அரபி சுற்றினால் ‘அவங்களுக்கென்ன!’ என்போம். நம்மோடு ஒரே சட்டிச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டவன் சுற்றினால் மட்டும் வயிறு எரிகிறது. எனக்கு எரிந்தது. மறைக்க விரும்பவில்லை. அவன் மேல் எரிந்தது, வேன் மேல் எரிந்தது, ஏசி காற்றில் காதை ஆட்டிக்கொண்டிருந்த அந்த நாய்கள் மேலும் எரிந்தது.

“இன்னைக்கே ஒரு ட்ரையல் பார்ப்போம் அண்ணாச்சி. மணல்ல தங்கிட்டு நாளைக்கு வந்துரலாம்” என்றான் ஜெபராஜ். விஜி ஏற்கெனவே பை எடுத்துவிட்டாள். நாய் முடி எனக்கு அலர்ஜி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நான் மட்டும் என் பழைய காரில் பின்னால் போனேன். அவன் வண்டியில் ஒண்டிக்கொண்டு போக எனக்கு என்ன தலையெழுத்து?

வழியெல்லாம் ஒரே பிரார்த்தனைதான். கடவுளே, இந்த வேன் மணலில் புதைய வேண்டும்! லேசாகப் புதைந்தால் போதும். விஜி பார்க்கும்படி.

பொழுது சாயும் நேரம். ராஸ் அல் கைமா ரோட்டை விட்டு விலகி, கெட்டித் தரை பார்த்து ஜெபராஜ் வேனை நிறுத்தினான். “அண்ணாச்சி, இங்கயே நிப்பாட்டிருங்க. அங்கிட்டு மணல் இளக்கம்.”

சற்றுத் தள்ளி அழகாக ஒரு மரம் நின்றது. வீடுதான் அவனுக்கு... மரமாவது எனக்கு இருக்கட்டுமே? ஆக்சிலேட்டரை மிதித்தேன். கார் பாதி தூரம் கம்பீரமாகப் போனது. அப்புறம் முனகியது. அப்புறம் உட்கார்ந்துவிட்டது. நான் மிதிக்க மிதிக்க இன்னும் வசதியாக உட்கார்ந்தது. என் வேண்டுதல் பலித்துவிட்டது. வண்டிதான் மாறிப்போயிற்று.

ஜெபராஜ் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அது இன்னும் வலித்தது. டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினான். வேனின் கால்மிதிகளைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் சொருகினான். விஜியும் ஸ்டெல்லாவும் மதுவும் அவனோடு சேர்ந்து தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாய்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தன. ரூபி கொட்டாவி விட்டது.

அப்புறம் ஸ்டெல்லா மீன் வறுத்தாள். மணல் சிவந்து கிடந்தது. காற்று சுகமாக வந்தது. மது நாய்களோடு மேட்டில் ஏறிச் சறுக்கிச் சறுக்கி விழுந்தாள். விஜி தட்டை மடியில் வைத்துக்கொண்டு எதற்கோ சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டு வெகுநாள் ஆயிற்று. மலையாளி அம்மா கிச்சனுக்குக் காத்திருப்பாரே என்று அவசர அவசரமாகத் தாளிக்கிறவளுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்?

உண்மையைச் சொல்கிறேன். வேனைப் பார்த்தபோது வந்தது சாதாரணப் பொறாமை. விஜி வேறொருவன் வாசலில் அப்படிச் சிரிப்பதைப் பார்த்தபோது வந்தது வேறு ரகம்.

“ஏங்க, நாமளும் சலாலா போவோமா?” என்று கேட்டாள்.

“குத்தாலத்துக்குப் பக்கத்துலயே வீட்டைக் கட்டிட்டு, சாரல் பார்க்க ஓமனுக்குப் போகணுமா?”

“இத்தனை லீவுல ஒரு தடவை குத்தாலத்துல குளிக்கக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? கல்யாண வீடு, காதுகுத்து, இல்லேன்னா கொத்தனார். போன தடவை பூரா டைல்ஸ் கடையிலதான இருந்தோம்?”

நியாயமான கேள்விகளுக்கு நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். கை கழுவப் போய்விட்டேன்.

விடிந்தது. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் ஊருக்கு போன் பண்ணாதவன் வளைகுடாத் தமிழனே அல்ல. கீழே சிக்னல் இல்லை. மணல் மேட்டில் ஏறினேன். கூப்பிடாமலே டோபியும் கூட வந்தது. உச்சியில் இரண்டு கோடு சிக்னல் கிடைத்தது. என் தம்பி முருகன்தான் எடுத்தான்.

“வீடு எப்படிடா இருக்கு?” நான் எப்போதும் முதலில் கேட்பது அதைத்தான்.

“வீடு ஜம்முனு இருக்குண்ணே. ஒரு விஷயம்... கோவிச்சுக்கிடாதீய. சும்மா பூட்டிக் கெடந்தா களவாணிப்பய எவனும் புகுந்துருவாம்லா? அதான் ஒரு நாய் வாங்கி விட்டுருக்கோம்.”

“நல்லதுதான். வாசல்ல கட்டிப் போட்டிருக்கியா?”

“மொதல்ல வாசல்லதான் கெடந்துச்சு. வெக்கை தாங்கல, பாவம். இப்ப ஹால்ல விட்டுட்டோம். மார்பிள் குளுகுளுன்னு இருக்குல்லா? ஃபேன போட்டுவிட்டா சமத்தா தூங்குது.”

“ஃபேனா?”

“ஃபேன் இல்லேன்னா குலைக்குதுண்ணே.”

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் டோபி, காற்று வாங்கியபடி பாலைவனத்தை நிதானமாக ரசித்துக்கொண்டிருந்தது.

“எப்ப வாரீய?” என்றான் முருகன். “வரும்போது கம்பளி ஒண்ணு கூட வச்சுக் கொண்டாங்க. போன தடவை குடுத்தத அதுக்கு விரிச்சோம். கடிச்சுப் போட்டுட்டு.”

ஆக, கம்பளிக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

வாசகர்களே, யோசித்துப் பாருங்கள். நான் போக வேண்டிய ஊரையெல்லாம் ஒரு நாய் சுற்றிப் பார்க்கிறது. நான் படுக்க வேண்டிய மார்பிளில் இன்னொரு நாய் படுத்திருக்கிறது. நடுவில் நான் தினமும் காலையில் ஷார்ஜா டிராஃபிக்கில் நின்று, துபாய் போய், இரண்டுக்குமாகச் சேர்த்து உழைக்கிறேன். நாய்களில் ஒன்றாவது என்னைப் பார்த்துப் பொறாமைப்படுமா?

கீழே இறங்கி வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே விஜி, “ஊர்ல என்ன?” என்று பதறினாள். சொன்னேன். ஃபேனைச் சொன்னேன். கம்பளியைச் சொன்னேன். நேற்றைவிட அதிகமாகச் சிரித்தாள். ஸ்டெல்லா சிரித்தாள். ஜெபராஜ் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு டீ ஊற்றினான். இந்த முறை விஜியைச் சிரிக்கவைத்தவன் நான்தான் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

டீயைக் குடித்துவிட்டுக் கேட்டேன். “ஜெபராஜ், சலாலால குளிருமாடே?”

“சாரல்ல நனைஞ்சா குளிரும் அண்ணாச்சி. வேன்ல ஏசியும் உண்டுல்லா.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து கார்ட்டனை இழுத்தேன். கம்பளியை வெளியே எடுத்தேன். டார்ச் லைட்டையும் எடுத்தேன். பால் பவுடரை விஜியே எடுத்துக்கொண்டுபோய் டீ போட்டாள். மது கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கழற்றவே மாட்டேன் என்றாள். இத்தனை வருடத்தில் நாங்கள் வாங்கிய கம்பளிகளில் எங்கள் ஆள் ஒருத்தர் போர்த்திப் பார்த்தது இதுதான் முதல்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். ஜெபராஜின் வேனை நினைத்தால் இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆனால் ஜூலையில் அதே வேனுக்குள் உட்கார்ந்து எரியப் போகிறேன். அது கொஞ்சம் பரவாயில்லை.

நேற்று முருகனுக்கு மறுபடி போன் பண்ணி, இந்த வருடம் ஊருக்கு வரவில்லை என்று சொன்னேன். பதறிவிட்டான்.

“வரலையா? அப்ப வீடு?”

“அதான் வீட்டுக்காரர் இருக்காரே” என்றேன். “ஃபேன மட்டும் நிறுத்திராத.”