பூஜ்யம் எந்தப் பக்கம்?

அக்கா ஒரு மீன் குளிர்கிடங்கில் புரோகிராம் எழுதுகிறாள். அறைகளின் வெப்பநிலை எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மைனஸை ஒரு பக்கமும் ப்ளஸை மறுபக்கமும் பிரிக்கும் புரோகிராம். ப்ளஸ் பக்கம் போன அறையைப் பார்க்க மெக்கானிக் ஓடுவார்.

ஒருநாள் அது பாதியிலேயே நின்றுவிட்டது. நடுவில் ஒரு பூஜ்யம். அது ப்ளஸும் இல்லை, மைனஸும் இல்லை. வந்தால் என்ன செய்வதென்று அக்கா எழுதியிருக்கவில்லை.

"உங்க அத்தான் மாதிரியே அசையாம உட்கார்ந்திருக்கு" என்று எனக்குப் போன் செய்து எரிந்து விழுந்தாள்.

நியாயம்தான். என் பிரசவத்தை அவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று தன் கணவரிடம் அவள் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. "பாக்கலாம்" என்றதோடு சரி. அந்த மனிதர் வாயில் ஆமாமும் வராது, இல்லையும் வராது.

பூஜ்யத்தையும் ப்ளஸ் பக்கமே தள்ளும்படி அக்கா ஒரு வரியைத் திருத்தினாள். புரோகிராம் ஓடியது. உடனே மறுபடியும் போன்.

"அவர் சொன்னதையும் ஆமான்னே எடுத்துக்கிட்டேன். பெட்டியைக் கட்டிட்டு வந்து சேருடி."

போனேன். மகள் பிறந்து மூன்று மாதமானது. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த அத்தானிடம், "நாங்க எப்ப கிளம்பட்டும்?" என்று கேட்டேன்.

குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பாக்கலாம்" என்றார்.