ஓடாத காருக்கு எதற்கு ஆயில்?

எங்கள் கார் முதுநகர் வீட்டிலிருந்து சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டுமே போகும். அதிகம் ஓடாத வண்டிக்கு ஆயில் எதற்கு என்று நானும் கணவரும் மாற்றாமலேயே விட்டுவிட்டோம்.

போன கரும்பு வெட்டு சமயத்தில் மகளுடன் சிதம்பரம் போனேன். வழியில் கரும்பு டிராக்டர் ஒன்றை முந்தப் போனபோது, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. எதிரே பஸ். அதன் டிரைவர் மண்ணில் இறக்கி வழிவிட்டதால்தான் பிழைத்தோம்.

"நீ கியர் மாத்தியிருக்க மாட்ட" என்றார் கணவர். மறுநாள் அவர் ஓட்டியும் இழுக்காததால், என்னையும் கூட்டிக்கொண்டு வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்.

"மெதுவா போறப்ப ஒரு மாதிரி, வேகமா போறப்ப வேற மாதிரின்னு காத்து உள்ள போற வால்வு தொறக்கிற நேரத்த இன்ஜினே மாத்திக்கும்க்கா. அதாலதான் பெட்ரோலும் மிச்சம், இழுவையும் ஜாஸ்தி. அத மாத்துறதே ஆயில் பிரஷர்தான். உங்க ஆயில் சேறாயி அது போற வழிய அடைச்சிடுச்சி" என்றார் மெக்கானிக்.

"வண்டி ஓடவே இல்லியே?" என்றேன்.

"கிட்டத்துலயே போயிட்டு வந்தா இன்ஜின் நல்லா சூடாவாது, உள்ள சேர்ற ஈரமும் காயாது. அதுலயே ஆயில் கெட்டுடும்."

இப்போது ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றிவிடுகிறோம். முன்னால் கரும்பு டிராக்டர் போனால், "இப்பதான் நல்லா இழுக்குதே, முந்தும்மா" என்கிறாள் மகள். அந்த பஸ் டிரைவரின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நான் டிராக்டருக்குப் பின்னாலேயே போகிறேன்.