தட்டில் வெட்டிய பேர்

வாத்தியார்மாரே,

இன்று காலை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ராசாத்தியைப் பார்த்தேன். பத்து நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. கையில் எங்கள் மதிய உணவுத் தட்டு.

அவள் அம்மாவும் கூட இருந்தாள். "பிள்ளையை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்றேன்.

"தீப்பெட்டி ஆபீசுக்கு, சார்வாள். குச்சி அடுக்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்கிற பிள்ளையையா?"

"ரெண்டு வருசமா மொதலாளி தட்டுல தின்னுருக்காளே. உழைச்சுக் கழிக்கணும்லா?"

தட்டைத் திருப்பிக் காட்டினாள். அடியில் தீப்பெட்டி முதலாளியின் பேர்.

அவர் பள்ளிக்கூடத்துக்குத் தருமமாகக் கொடுத்த தட்டுகள் அவை. மரியாதைக்காகப் பேர் வெட்டச் சொன்னதே நான்தான். ஒவ்வொன்றையும் வெட்டுகிறவன் கூடவே உட்கார்ந்து பிழை பார்த்தேன்.

"ஆள் கூட்ட வந்த ஏஜெண்டு, 'இது எங்க மொதலாளி தட்டுல்லா'ன்னான். நான் நம்பல. எனக்குப் படிக்கத் தெரியாது. இவதான் எழுத்துக் கூட்டி வாசிச்சா. ஆமாம்மா, அவிய பேருதான்னா."

அப்படி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

"அது தருமம்மா, கடனில்ல" என்று தொடங்கினேன். அதற்குள் ஆபீஸ் சங்கு ஊதிவிட்டது. ராசாத்தி எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் ஊர் திரும்பினால் முதலாளியின் ஆள் காத்திருக்கிறான். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்து தருகிறாராம். பேரை எந்த இடத்தில் எழுதலாம் என்று கேட்டுவரச் சொன்னாராம்.

ராசாத்தி உட்கார்ந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? ஆளுக்கொரு கார்டு போடுங்கள்.