ஜைபா செய்த ஆஞ்சப்பன்

ஓசூரில் பாகலூர் சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது ஜைபா வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனி. ஆலைகளுக்கு வேண்டிய புரோகிராம்களை எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். எழுதியதை ஒவ்வொரு துண்டாகத் தனியே எடுத்து, சொன்னபடி நடக்கிறதா என்று சோதிப்பது ஜைபாவின் வேலை.

தனியே என்று சொல்வது சுலபம். எந்தத் துண்டும் தனியே இருப்பதில்லை. ஒன்று பிரிண்டரைக் கூப்பிடும், ஒன்று வங்கியைக் கேட்கும், ஒன்று யாருக்காவது எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லும். ஒவ்வொரு சோதனைக்கும் நிஜ வங்கியைத் தொந்தரவு செய்ய முடியாது. அதனால் வங்கி நிற்கவேண்டிய இடத்தில், வங்கி மாதிரியே பதில் சொல்லும் ஒரு போலியை எழுதி நிறுத்துவார்கள். அதற்கு மாக் என்று பெயர். புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது. அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

மற்றவர்கள் எழுதும் மாக் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லும். ஜைபாவுக்கு அது பிடிக்காது. எதைக் கேட்டாலும் சரி என்றவர்களை அவளும் பார்த்திருக்கிறாள். அவர்கள் யாரும் பிறகு அதைச் செய்ததில்லை. ஆகவே தன் மாக்குகளைத் தெரிந்த ஆட்களை வைத்தே செய்தாள், அவர்கள் பெயரையும் வைத்தாள். எஸ்.எம்.எஸ். அனுப்பும் இடத்தில் அக்கா புருஷன் இலியாஸ் மச்சான். அனுப்பியாச்சு என்பார், அனுப்பியிருக்க மாட்டார். வங்கி, ஜூஜுவாடி ஷேக் தாவூத் மாமா. கட்டாயம் பதில் சொல்வார், கேட்டவன் எதைக் கேட்டோம் என்று மறந்த பிறகு. பிரிண்டர், மாமியார் காத்தூன். பாதி வேலையில் நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினாய் என்று யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கும். இவர்களையெல்லாம் சமாளித்து வெளியே வருகிற புரோகிராம் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும் என்று அவள் நம்பினாள். விஷயம் தெரிந்தபோது இலியாஸ் மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டருக்குள் தன் பெயர் ஓடுகிறது என்று அத்திப்பள்ளி வரைக்கும் சொல்லி வைத்தார்.

பெங்களூரிலிருந்து தினமும் பஸ்ஸில் எல்லை தாண்டி வரும் ஹரீஷ்குமாருக்கு மட்டும் இதில் கொஞ்சமும் மதிப்பில்லை. எழுதியதை நேராக ஆலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திட்டு வந்தால் திருத்த வேண்டும் என்பது அவன் முறை.

"சொப்பு வெச்சு சமைச்சா வயிறு ரொம்புமா ஜைபா?" என்று கேட்பான்.

முதலாளி சௌந்தரராஜன் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுத் தலையாட்டுவார். இந்த வருஷம் மாம்பழ சீசனுக்கு முன்னால் தலையாட்டுவதை நிறுத்தினார். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு எடைமேடைப் புரோகிராம் போகிறது. வண்டி மேடையில் ஏறினால் எடையைத் தானே எடுத்து, தானே சீட்டு அச்சடிக்கும். ஜைபா அதைச் சோதித்துக் கொடுத்து, ஆலைக்கும் அவளே போகட்டும். நன்றாக ஓடினால் இனி எல்லா வேலைக்கும் அவள் முறைதான். ஓடாவிட்டால் மாக் எழுதுவதை மூட்டை கட்டிவிட்டு, ஆலைக்காரர்கள் திட்டுவதற்காகக் கூப்பிடும் போனை அவள் எடுக்கவேண்டும். அந்தப் போனை இதுவரை எடுத்தவர்கள் யாரும் தீபாவளி போனஸ் வாங்கும்வரை தங்கியதில்லை.

எடைமேடைக்கும் மாக் வேண்டும். ஆனால் ஜைபாவுக்கு எந்த எடைமேடையோடும் பழக்கமில்லை. உறவிலும் யாரும் அந்தச் சாடையில் இல்லை. மேடையோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்தே எழுதினாள். புத்தகத்தில் இருந்த மேடை தங்கமான குணம் கொண்டது. வண்டி ஏறும், எண் கொஞ்சம் ஆடும், பிறகு நின்றுவிடும். ஒரே எண் ஐந்து தடவை வந்தால் அதுதான் எடை. அதற்கு அவள் ஆள் பெயரும் வைக்கவில்லை. சோதனைகள் அத்தனையும் தேறி, திரையில் பச்சையாக வந்தன.

ஆலையில் முதல் நாள் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஒரு லாரி ஏறியது, நின்றது, சீட்டு வந்தது. மேனேஜர் தன் காரையும் ஏற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எடைமேடை அறையில் உட்காரும் ஜோதியம்மாள், இனி பட்டன் அமுக்குகிற வேலைகூட இல்லை என்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மறுநாள் காலையில் தோட்டங்களிலிருந்து டிராக்டர்கள் வந்தன. முதலில் ஏறியவர் சாமல்பட்டிப் பக்கத்து ஆஞ்சப்பன். டிரெய்லர் நிறைய பெங்களூரா மாங்காய். டிராக்டர் மேடையில் நின்றது, ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அது ஓட ஓட பானட் ஆடியது, டிரெய்லர் ஆடியது, ஆஞ்சப்பனின் கன்னமும் ஆடியது. 7,480, 7,510, 7,460 என்று எண் ஊஞ்சலாடியது. ஒரே எண் ஐந்து தடவை வருவதற்காகப் புரோகிராம் பொறுமையாகக் காத்திருந்தது. பின்னால் டிராக்டர்கள் சேர்ந்து வரிசை கேட்டைத் தாண்டியது.

ஜைபா வெளியே வந்து, இன்ஜினை நிறுத்தச் சொன்னாள்.

"செல்ஃப் எடுக்காதும்மா. நிறுத்துனா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். நீ தள்ளுவியா?" என்றார் ஆஞ்சப்பன்.

அடுத்த வண்டிக்காரரும் அதையே சொன்னார். விசாரித்ததில், அந்தச் சுற்றுவட்டத்தில் மாங்காய் சீசன் முடியும்வரை டிராக்டரை நிறுத்துகிற வழக்கமே யாருக்கும் இல்லை. பேட்டரி வாங்குவது மாங்காய்க்குக் காசு வந்த பிறகுதான். மேனேஜர் வந்து வரிசையைப் பார்த்தார். வெயிலில் மாங்காய் வெந்தால் கூழை டிரெய்லரிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றார். மதியச் சங்குவரை நேரம் தந்தார். அதற்குள் வரிசை நகராவிட்டால் ஜோதியம்மாள் எண்ணைப் பார்த்துப் பட்டன் அமுக்கும் பழைய கம்ப்யூட்டரை மறுபடி மாட்டிவிட்டு, ஜைபா தன் பெட்டியோடு கிளம்பலாம்.

ஹரீஷ்குமாராக இருந்தால் அங்கேயே புரோகிராமைத் தட்டித் திருத்தத் தொடங்கியிருப்பான். ஜைபாவுக்குக் கை அப்படிப் போகவில்லை. ஜோதியம்மாளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மேடையிலிருந்து வந்த எண்களை வந்த வரிசைப்படியே பிடித்தாள். அவற்றை வைத்து ஒரு புது மாக் செய்தாள். கேட்டால் எண் சொல்லும், ஆனால் ஒருபோதும் சொன்னதையே திரும்பச் சொல்லாது. அதற்கு ஆஞ்சப்பன் என்று பெயர் வைத்து, சோதனையை ஓட்டினாள். சிவப்பாக ஒரு வரி வந்தது. மேடையில் கெடுவது இங்கேயும் அப்படியே கெடுகிறது. இனி திருத்தியதைத் தைரியமாக நம்பலாம். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

ஜோதியம்மாள் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி, ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தாள். "யோவ் ஆஞ்சப்பா, நீ ஃபெயிலாம்யா."

ஆஞ்சப்பன் ஜன்னலுக்கு வந்தார். "எதுல ஃபெயிலு?"

"உங்கள இல்லீங்கண்ணா. உங்கள மாதிரி உள்ள ஒருத்தர செஞ்சிருக்கேன், அவருதான்" என்றாள் ஜைபா.

"என் பேர வெச்சிக்கினு அவன் எப்பிடி ஃபெயிலாவான்? நான் எட்டாவதுல ஒருவாட்டி ஆனதே ஊருக்கெல்லாம் தெரியும். போதாதா? நீ வேற சிரிக்கிற."

அவன் பாஸ் ஆகும்வரை தான் அந்த இடத்தை விட்டு நகரப்போவதில்லை என்று அறிவித்தார். எப்படியும் அவரால் நகர முடியாது. விஷயம் வரிசை முழுக்கப் பரவியது. வேலையற்று நின்ற டிரைவர்கள் ஜன்னலில் குவிந்தார்கள். ஒருவர், ஆஞ்சப்பனை விட்டுவிட்டுத் தன்னைச் செய்திருந்தால் முதல் தடவையே பாஸ் ஆகியிருக்கும் என்று தெலுங்கில் சொன்னார். அதற்கு ஆஞ்சப்பன் கன்னடத்தில் பதில் சொன்னார். அது எழுதத் தக்கதல்ல.

ஜைபா புரோகிராமைத் திருத்தினாள். ஒரே எண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எண் ஏறாமல் இறங்காமல் ஒரு நடுவைச் சுற்றியே ஆடினால், கொஞ்ச நேரம் கவனித்து அந்த நடுவை எடுத்துக்கொள். நகரும் வண்டியென்றால் எடுக்காதே. ஓட்டினாள். சிவப்பு. கவனிக்கும் நேரம் போதவில்லை. ஜன்னலில் ஒரு பெருமூச்சு கேட்டது. நேரத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினாள். பச்சை. நகரும் வண்டிக்கான பழைய சோதனைகளும் பச்சையாகவே நின்றன. ஜோதியம்மாள் ரிசல்ட்டை அறிவித்தாள். ஆஞ்சப்பனின் முதுகில் இரண்டு பேர் தட்டினார்கள்.

புதுப் புரோகிராமை ஏற்றியாயிற்று, வண்டியை ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள் என்றாள் ஜைபா. மேனேஜரும் வந்து நின்றார். சங்கு ஊத அதிக நேரமில்லை. ஆஞ்சப்பன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சீட்டில் ஏறினார். சுற்றி வந்து மேடையின் நட்டநடுவில் நிறுத்தினார். பிறகு, பாஸான ஆள் என்கிற மரியாதையில், அந்த சீசனில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். இன்ஜினை நிறுத்தினார்.

மேடை அமைதியானது. எண் கல்லாக நின்றது. சீட்டு வந்தது.

மேனேஜர் சீட்டைத் தொடவே இல்லை. "நிறுத்துனா எந்தப் புரோகிராமும் எடை போடும். அதத்தான நேத்தே பாத்தோம்?" என்றார்.

ஜைபா ஆஞ்சப்பனைப் பார்த்தாள். உள்ளே இருக்கும் ஆஞ்சப்பன் எத்தனை நம்பகமானவர் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் அவர் இன்ஜினை நிறுத்தமாட்டார்.

டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. மேடையில் குறுக்கே மாங்காயோடு அது கிடக்க, பின்னால் வரிசை. டிரைவர்கள் எல்லோரும் பின்னால் கை வைத்தார்கள். ஜைபா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். ஜோதியம்மாள் முறுக்கை வைத்துவிட்டு வந்து தள்ளினாள். சும்மா நிற்க முடியாமல் மேனேஜரும் ஒரு கை வைத்தார். மேடையை விட்டு இறங்குகிற சரிவில் இன்ஜின் ஒரு தும்மல் போட்டு உயிர் பெற்றது. ஆஞ்சப்பனை மறுபடி சுற்றி வரச் சொன்னார்கள். இந்த முறை கீழே நின்ற அத்தனை பேரும், நிறுத்தாதே என்று கத்தினார்கள்.

அவர் நிறுத்தவில்லை. பானட் ஆடியது, டிரெய்லர் ஆடியது. 7,490, 7,460, 7,500. பிரிண்டர் கரகரவென்று ஒரு சீட்டைத் தள்ளியது.

மேனேஜர் அதைக் கிழித்து, இன்ஜின் நின்றபோது வந்த சீட்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எடை. அடுத்த டிராக்டரை ஏறச் சொல்லிக் கை காட்டினார். சங்கு ஊதும்போது வரிசையின் வால் கேட்டுக்குள் வந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரை ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப்போகச் சொன்னார்.

சௌந்தரராஜன் போனில் முழுக்கதையையும் கேட்டார். அடுத்த வேலை ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டி, மாக் எழுத எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்.

"முதல்ல ஒரு நாள் மண்டியில சும்மா உக்காரணும் சார். அங்க யாரு யாரு இருக்காங்கன்னு பாக்கணும்" என்றாள் ஜைபா.

சும்மா உட்காருவதற்குச் சம்பளமா என்று அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, சாப்பாட்டுக் காசைக் கம்பெனியே தரும் என்றார்.